ஸ்டோரி ரெடி, ஆனா ஒரு வருஷம் அச்சுல வரல

ஜேம்ஸ் ரைசன் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். நியூயார்க் டைம்ஸ்ல சிஐஏ, என்எஸ்ஏன்னு உளவு அமைப்புங்க பின்னாடியே அலைஞ்ச ரிப்போர்ட்டர். அவரைப் பத்தி யார் பேசினாலும் 2006ல வாங்குன புலிட்சர் விருதுலதான் ஆரம்பிக்கிறாங்க, எனக்கு என்னமோ அதுக்கு முந்தி நடந்த கூத்துதான் மனசுல நிக்குது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் புஷ் ரகசியமா ஒரு உத்தரவு போட்டாரு. அமெரிக்காவுல உக்காந்து வெளிநாட்டுக்குப் பேசறவங்க போனை, மெயிலை வாரண்ட் இல்லாமலே என்எஸ்ஏ ஒட்டுக்கேக்கலாம்னு. இத்தனைக்கும் இதுக்குன்னே 1978ல சட்டம் போட்டு தனியா ஒரு ரகசிய கோர்ட் வச்சிருக்காங்க, கேட்டா பெரும்பாலும் தலையாட்டிடற கோர்ட்தான், அங்ககூடப் போகல. (நம்மூர்ல ஜட்ஜ் பேச்சே கெடையாது, உள்துறைச் செயலாளர் கையெழுத்து போதும், அது வேற கதை.) ரைசனும் அதே பேப்பர் ரிப்போர்ட்டர் எரிக் லிக்ட்ப்ளாவும் 2004லயே, புஷ் கெர்ரி தேர்தலுக்கு முன்னாடியே, இதைப் பிடிச்சிட்டாங்க. வெள்ளை மாளிகை வேணாம்னு கெஞ்சுச்சு, மிரட்டுச்சு, எடிட்டர் பில் கெல்லர் நிறுத்தி வச்சிட்டாரு. தேர்தலும் முடிஞ்சுது, புஷ் திரும்ப ஜெயிச்சும் வந்துட்டாரு.

நான் கொஞ்ச காலம் ஒரு பேப்பர்ல நைட் டெஸ்க்ல இருந்தேன், எந்தப் பேப்பர்னு கேக்காதீங்க. அங்க ஒரு ரிப்போர்ட்டர் அண்ணன் ஒரு காண்ட்ராக்ட் மேட்டரை மூணு மாசம் அலைஞ்சு எடுத்துட்டு வந்தாரு. போட மாட்டோம்னு யாரும் சொல்லல, "வக்கீல் பாத்துட்டிருக்காரு, இன்னைக்கு இடமில்ல, நாளைக்குப் பாப்போம்", அவ்ளோதான். மனுசன் தினம் ராத்திரி பதினோரு மணிக்கு டீ கிளாசோட வந்து பேஜ் போடறவர் முதுகுக்குப் பின்னாடி நிப்பாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு, ஸ்க்ரீனை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுவாரு. அது கடைசி வரைக்கும் வரல.

ரைசன் அப்படிப் போகல. லீவ் போட்டு எழுதிட்டிருந்த புத்தகத்துல மேட்டரைச் சேத்துட்டு ஆபீஸ்லயும் சொல்லிட்டாரு. புத்தகம் 2006 ஜனவரில வரப்போகுது, சொந்த ஆளே பேப்பரை முந்திருவான்னு தெரிஞ்ச பிறகுதான் ஃபைல் நகந்துச்சு. புத்தகத்துக்காகப் போடல, புதுத் தகவல் கெடச்சதாலதான் போட்டோம்னு கெல்லர் சொல்றாரு, இருக்கலாம், நான் நம்பல. 2005 டிசம்பர் ஆரம்பத்துல பேப்பர் ஓனரையும் கெல்லரையும் புஷ்ஷே தன் ஆபீசுக்குக் கூப்ட்டு உக்கார வச்சாரு, நாளைக்கு இன்னொரு தாக்குதல் நடந்தா பழில உங்களுக்கும் பங்குங்கற ரேஞ்சுல பேச்சு போயிருக்கு. டிசம்பர் 16 பேப்பர்ல வந்துச்சு. மறுநாளே புஷ் ரேடியோல ஆமா, நான்தான் உத்தரவு போட்டேன்னாரு. ஆனா அந்த ஒரு வருஷத்தை மறக்காத ஒரு ஆள் இருந்தாரு, என்எஸ்ஏவுல காண்ட்ராக்டரா இருந்த எட்வர்ட் ஸ்னோடன். 2013ல அவர் அந்த அமைப்போட ரகசிய ஆவணங்களைத் தூக்கிட்டுக் கிளம்பினப்ப டைம்ஸ் பக்கமே போகாததுக்கு இதுதான் காரணம்.

ரைசனைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்ல. 1999ல அவரும் ஜெஃப் கெர்த்தும் லாஸ் அலமோஸ் அணு லேப்ல இருந்து சீனாவுக்கு ரகசியம் போயிடுச்சுன்னு எழுதினாங்க. தைவான்ல பொறந்த விஞ்ஞானி வென் ஹோ லீ மேல 59 குற்றச்சாட்டு, 278 நாள் தனிமைச் சிறை, கடைசில ஒண்ணே ஒண்ணை ஒத்துக்கிட்டு வெளிய வந்தாரு, ஜட்ஜே அவர்ட்ட மன்னிப்புக் கேட்டாரு. அந்தச் செய்திகள்ல குறை இருந்துச்சுன்னு பேப்பரே பின்னாடி எழுதுச்சு. அதிகாரிங்க ஊத்துனதை அப்படியே வாங்கி எழுதினா என்ன ஆகும்னு ரைசனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

இப்ப ஜெஃப்ரி ஸ்டெர்லிங்குக்கு வரேன், ரைசனுக்கு ரகசியத்தைச் சொன்னார்னு மாட்டின முன்னாள் சிஐஏ ஆபீசர். எனக்கு உறுத்தறது இவர் கதைதான். ரைசன் புத்தகத்துல இன்னொரு மேட்டர் இருந்துச்சு, ஒரு ரஷ்ய விஞ்ஞானி மூலமா ஈரானுக்குத் தப்பான அணுகுண்டு வரைபடத்தை சிஐஏ அனுப்பின கதை. (இதையும் 2003ல புஷ்ஷோட பாதுகாப்பு ஆலோசகர் கோண்டலீசா ரைஸ் கேட்டுக்கிட்டதால பேப்பர் போடல!) யார் சொன்னாங்கன்னு புஷ் ஆட்கள் தேட ஆரம்பிச்சாங்க, ஒபாமா வந்தா மாறும்னு பாத்தா அவர் ஆட்கள் இன்னும் வேகமாத் துரத்தினாங்க. 2008ல யார் சொன்னாங்கன்னு சாட்சி சொல்ல ரைசனுக்கு மொத சம்மன், அதை எதிர்த்துப் போனா 2014ல சுப்ரீம் கோர்ட் கேஸை எடுக்கவே மாட்டேன்னுடுச்சு. ஜெயிலுக்குப் போனாலும் பேர் சொல்ல மாட்டேன்னு ரைசன் நின்னாரு, கடைசில அவரைச் சாட்சியாக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க. நம்ம பத்திரிகை ஆளுங்க இதை வெற்றின்னு கொண்டாடினாங்க.

ஆனா அவர் வாய் திறக்காமலே கேஸ் முடிஞ்சிடுச்சே. ஸ்டெர்லிங் கறுப்பினத்தவர், நிறப் பாகுபாடுன்னு சிஐஏ மேலயே கேஸ் போட்டவர், அது ரகசியம் வெளிய வந்துடும்னு தள்ளுபடி ஆச்சு. அவர் மேல அரசு கைல இருந்தது முக்கியமா போன், மெயில் பதிவுதான், எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பருக்கு, எப்ப, எவ்ளோ நேரம். அந்த ரகசியத்தைப் பேசினாங்கன்னு காட்ட ஒரு ரெக்கார்டிங் கெடையாது. ஒட்டுக்கேக்கறதைப் பத்தி ஊரையே உலுக்கின ரிப்போர்ட்டர் கேஸ்ல, ஒட்டுக்கேக்க வேண்டிய வேலையே வரல பாருங்க. நான் சொல்லவே இல்லன்னு ஸ்டெர்லிங் சொல்லிட்டிருக்காரு, ரைசனும் யார்னு சொல்லல.

2015 மே மாசம் ஸ்டெர்லிங்குக்கு 42 மாச ஜெயில். அதுக்கு முந்தின மாசம்தான் சிஐஏ தலைவராவே இருந்த பெட்ரேயஸுக்கும் தண்டனை வந்துச்சு, தன்னோட வாழ்க்கை வரலாறு எழுதிட்டிருந்த காதலிட்ட ரகசியக் குறிப்பு நோட்டுகளைக் குடுத்ததுக்கு. 2 வருஷம் ப்ரொபேஷன், 1 லட்சம் டாலர் ஃபைன், மனுசன் வீட்டுக்குப் போயிட்டாரு.