சொல்லிடாதீங்க, நான் இன்னும் பாக்கல!

போன மாசம் ஒரு ரெஸ்லிங் சாம்பியன்ஷிப் மேட்ச் லைவா பார்த்துக்கிட்டிருந்தேன். கீழே கிடந்தவன் மேல இவன் விழுந்து அமுக்கிட்டான், ரெஃப்ரி தரையில தட்டுறார். மூணு தட்டு விழுந்தா இவன் ஜெயிச்சான். ஒண்ணு, ரெண்டு... பக்கத்துல கிடந்த போன் மினுங்குச்சு. "டேய், பெல்ட் மாறிடுச்சு!" சாம்பியன் பட்டம் கைமாறிடுச்சாம். என் திரையில மூணாவது தட்டு இன்னும் விழவே இல்ல. நண்பன் பார்க்கிறது கேபிள்ல, நான் பார்க்கிறது ஸ்ட்ரீமிங்ல. நடுவுல அரை நிமிஷ வித்தியாசம். லைவாவே உட்கார்ந்து பார்த்தும் எனக்கு வந்து சேர்ந்தது பழைய சேதி.

"எல்லாமே முன்னாடியே பேசி வச்சதுதானே, இதுல லைவா பார்த்தா என்ன, மறுநாள் பார்த்தா என்ன?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. பேசி வச்சதுங்கிறதாலதான் லைவா பார்க்கணும். எழுதினவனுக்குத் தெரியும், மோதுற ரெண்டு பேருக்கும் தெரியும், ரெஃப்ரிக்கும் தெரியும். தெரியாதது நமக்கு மட்டும்தான். அந்தத் தெரியாமைக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம்.

1985 மார்ச் 31, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல முதல் ரெஸில்மேனியா. இன்னிக்கு டபிள்யூடபிள்யூஇ-ன்னு சொல்ற ரெஸ்லிங் கம்பெனி வருஷா வருஷம் நடத்துற பெரிய நிகழ்ச்சி அது. அமெரிக்காவுல அதை லைவா பார்க்கணும்னா பெரும்பாலானவங்க வீட்டை விட்டுக் கிளம்பியாகணும். நூத்துக்கும் மேற்பட்ட அரங்குகள்ல பெரிய திரை கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டினாங்க. வீட்டு டிவியில காசு கட்டிப் பார்க்கிற பே-பெர்-வியூ அப்போ சில ஊர்கள்லதான். 1987-ல ஹல்க் ஹோகன் ஆண்ட்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிப் போட்ட காலத்துல அது நல்லாவே பரவிடுச்சு. கேபிள்காரனுக்கு போன் போட்டுச் சொன்னா அந்த சேனல் திறக்கும். சொல்லாட்டி படம் கோணல்மாணலா நெளியும், ஆனா பல வீடுகள்ல குரல் மட்டும் சுத்தமா வரும். அந்த நெளியுற கோடுகளுக்கு முன்னாடி உட்கார்ந்து, கமென்ட்ரியைக் கேட்டுக் கேட்டே மனசுக்குள்ள மேட்ச் பார்த்த பசங்க எத்தனையோ பேர். அவங்க மேல எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. காசு கட்ட முடிஞ்சவங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே வீட்ல கூடினாங்க. மூணாவது தட்டு எல்லாருக்கும் ஒரே நொடியிலதான் விழும். முந்திக்கிட்டுச் சொல்ல அங்க ஆளே கிடையாது.

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒண்ணும் இருக்கு, மறைக்கக் கூடாது. 1999 ஜனவரி 4. போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூவோட வாராந்திர நிகழ்ச்சி நைட்ரோ லைவா ஓடுது. அதே நேரத்துல அடுத்த சேனல்ல டபிள்யூடபிள்யூஇ-யோட வாராந்திர நிகழ்ச்சி ரா, ஆனா அது ஆறு நாள் முன்னாடியே பதிவு பண்ணினது. நைட்ரோ வர்ணனையாளர் டோனி ஷியாவோனி, இன்னிக்கு அங்க மிக் ஃபோலி பட்டம் ஜெயிக்கப் போறார்னு நேரலையிலயே போட்டு உடைச்சு, போதாததுக்கு நக்கலும் அடிச்சார். கேட்ட ஜனம் கூட்டம் கூட்டமா சேனலை மாத்தி, ஃபோலி ஜெயிக்கிறதைப் பார்க்கப் போயிடுச்சு. முடிவு தெரிஞ்சும் போனாங்க. இதுக்கு என்ன சமாதானம் சொல்றதுன்னு இன்னிக்கு வரை யோசிக்கிறேன். ஃபோலி மேல இருந்த பாசம்னு வேணா சொல்லலாம்.

அதே வருஷம் மே 23, கான்சஸ் சிட்டி. டபிள்யூடபிள்யூஇ-யோட பே-பெர்-வியூ நிகழ்ச்சி. மேலேருந்து கம்பியில இறங்க வேண்டிய ரெஸ்லர் ஓவன் ஹார்ட் ரிங்குக்குள்ள விழுந்துட்டார். அந்த நொடி டிவியில பதிவு பண்ணின வீடியோ ஓடிட்டிருந்ததால வீட்ல இருந்தவங்க யாரும் அதைப் பார்க்கல. இது நிகழ்ச்சியோட பகுதி இல்லன்னு வர்ணனையாளர் ஜிம் ராஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, அவர் இறந்துட்டார்ங்கிற சேதியையும் அவரே சொன்னார். அரங்கத்துல கண்ணால பார்த்த ஆயிரக்கணக்கானவங்களுக்கு அதை அறிவிக்கவே இல்ல. நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. லைவ்னா என்ன பயம்னு அன்னிக்குக் காசு கட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

2014 பிப்ரவரியில அந்தக் கம்பெனியோட சொந்த ஸ்ட்ரீமிங் சேவை, டபிள்யூடபிள்யூஇ நெட்வொர்க் வந்தது. மாசம் 9.99 டாலர், எல்லா பெரிய நிகழ்ச்சியும் அதுக்குள்ள. அந்த ஏப்ரல்லதான் ரெஸில்மேனியாவுல 21 வருஷம் தோக்காத... தப்பு, 21 மேட்ச் தோக்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் சாய்ச்சார். அரங்கமே வாயடைச்சு நின்னதே, அந்த மௌனத்துக்கு மட்டும் பத்து டாலர் தகும்.

ஆனா அப்போதான் லைவுக்குக் கீழே முன்னே பின்னே நகர்த்துற ஒரு கோடும் வந்து ஒட்டிக்கிச்சு. நிறுத்தலாம், பின்னாடி தள்ளலாம், லேட்டா வந்து முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். வசதிதான், நானும் அனுபவிக்கிறவன்தான். ஆனா ரகசியத்தைக் காப்பாத்துற வேலை அன்னியிலேருந்து நம்ம தலையில. முன்னே கேபிள்காரன் பூட்டி வச்சான். இப்போ நாமளே போனைக் கவுத்து வைக்கணும், குரூப்பை மியூட் பண்ணணும், யூடியூப் பக்கமே போகக் கூடாது. அங்க வீடியோவோட முகப்புப் படத்துலயே பெல்ட்டைத் தூக்கிக்கிட்டு நிப்பான்!



இப்போ அமெரிக்க ரசிகன் பாடு இன்னும் வேடிக்கை. 2025 ஜனவரியிலேருந்து ரா நெட்ஃப்ளிக்ஸ்ல. டபிள்யூடபிள்யூஇ-யோட இன்னொரு வாராந்திர நிகழ்ச்சி ஸ்மாக்டவுன் கேபிள்ல. பெரிய நிகழ்ச்சிகள் அதே வருஷம் செப்டம்பர்லேருந்து இஎஸ்பிஎன்ல, அப்போ தனியா வாங்கினா மாசம் 29.99 டாலர். இன்னொரு ரெஸ்லிங் கம்பெனி ஏஇடபிள்யூவோட பெரிய நிகழ்ச்சிகளுக்கோ இன்னும் பழையபடி ஒவ்வொண்ணுக்கும் காசு. பத்து டாலருக்குள்ள அடங்கினது மறுபடியும் சிதறிப்போச்சு.

நண்பனோட ஒப்பந்தம் போட்டாச்சு. நான் பார்த்து முடிச்சு ஒரு புள்ளி அனுப்புற வரைக்கும் அவன் ரிசல்ட் பத்தி மூச்சு விடக் கூடாது. அடுத்த மேட்ச்ல சொன்ன சொல்லைக் காப்பாத்தினான், ரிசல்ட்டே சொல்லல. "பாத்துட்டியா?"ன்னு மட்டும் கேட்டான்.

ஒண்ணுமே நடக்கலன்னா ஏன்டா கேக்கப் போற?