முதல் நோயாளி ஒரு பள்ளிக்கூடப் பையன்

"மருத்துவ உளவியலைத் தொடங்கியவர் ஃபிராய்ட், அதனால்தான் இந்த ஆட்களும் குளிசை எழுதித் தருகிறார்கள்" என்று ஃபிராய்ட் பற்றிய உங்கள் பதிவின் முதல் வரியில், மருத்துவ உளவியலாளர்களைப் பற்றிப் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை.

ஃபிராய்ட் வியன்னாவில் படித்த டாக்டர். அவரது வழி உளப்பகுப்பாய்வு, அதாவது ஆளைப் பேசவைத்து, கனவுகளைக் கேட்டு, ஆழ்மனதில் இருப்பதைத் தேடுவது. மருத்துவ உளவியல் என்ற பெயரை 1907இல் வைத்தவர் அமெரிக்கரான லைட்னர் விட்மர். அவர் மருத்துவம் படித்த டாக்டரே இல்லை; ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் முன்னோடியான வூண்டிடம் உளவியல் ஆய்வுப் பட்டம் பெற்றவர். 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார்.

அங்கே முதலில் வந்தது யார் தெரியுமா? எழுத்துக்கூட்டல் வராத 14 வயதுப் பையன். கூட்டி வந்தது அவனுடைய டீச்சர். விட்மர் சோதித்தபோது பார்வையிலும் கோளாறு இருந்தது. கண்ணாடி போட்டு, அப்புறம் வாசிப்புப் பயிற்சியும் கொடுத்தார்கள். குளிசை இல்லை, சோபாவில் படுக்கவைத்துக் கனவு கேட்கவும் இல்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் என் அக்காவின் மகனுக்கும் இதே கதைதான். பலகையில் இருக்கும் 'ம'வை 'ப' என்று எழுதுவான். புலமைப்பரிசில் பரீட்சை வருடம் வேறு. இரண்டு டியூசன் கூட்டினோம், ஏச்சும் கொடுத்தோம். கடைசியில் கண்ணாடிதான்.

இங்கே இலங்கையிலும் மருந்து எழுதுபவர் உளமருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து உளமருத்துவமும் படித்தவர். உளவியலாளர் சோதிப்பார், கதைப்பார், பயிற்சி கொடுப்பார். ஃபிராய்டைப் பற்றி நீங்கள் எழுதிய மற்றதெல்லாம் சரி, அந்த முதல் வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.