நைசியாவில் சேர்த்த வரி அல்ல

“தம்மைக் கடவுள் அனுப்பினார் என்று இயேசு சொன்னதே இல்லை, கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சேர்த்தது அது” என்றொரு செய்தி, மிஷன் வீதி சம்பா கோயிலின் படத்தோடு புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

கடவுள் தம் மகனை அனுப்பினார் என்று கலாத்தியருக்குத் திருத்தூதர் பவுல் கடிதம் எழுதியது கி.பி. 50-களை ஒட்டிய காலத்தில். நைசியாவுக்கு ஏறக்குறைய 270 ஆண்டுகள் முன்பு! மாற்கு நற்செய்தியும் முதல் நூற்றாண்டினது. அதன் 9-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு சிறு பிள்ளையை அணைத்துக்கொண்டு, தம்மை ஏற்பவர் தம்மை அனுப்பியவரையே ஏற்கிறார் என்கிறார்.

நைசியாவில் நடந்தது வேறு சண்டை. மகன் தந்தைக்கு இணையானவரா, படைக்கப்பட்டவரா என்பதே கேள்வி. மகன் படைக்கப்பட்டவர் என்று போதித்து, அங்கே கண்டிக்கப்பட்ட ஆரியுஸ் என்ற குருகூட இயேசு கடவுளால் அனுப்பப்பட்டவர் என்பதை மறுக்கவில்லை.

பழைமை மட்டுமே ஒரு கூற்றை மெய்யாக்கிவிடாது; இதை விசுவாசிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயேசு அனுப்பப்பட்டவர்தானா என்பதை அவருடைய போதனை, வாழ்வு, உயிர்த்தெழுதல் பற்றிய சாட்சியம் ஆகியவற்றை வைத்துத் தாராளமாக வாதிடலாம். அந்த வாதத்தில் கான்ஸ்டன்டைனுக்கு இடமில்லை.