1979ல ஏதுங்க சாங்கி ஏர்போர்ட்?

நேத்து ராத்திரி போட்ட ஸ்கிரீன்ஷாட்ட பாத்தவங்களுக்கு விஷயம் தெரியும், பாக்காதவங்க கீழ போய் பாத்துக்குங்க. நினைத்தாலே இனிக்கும் படத்துக்கு, யார் வேணும்னாலும் திருத்தற இணையக் கலைக்களஞ்சியத்துல இருக்கற பக்கத்துல "படக்குழு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கியது"ன்னு ஒரு வரி வருஷக்கணக்கா இருந்துச்சு. அத, அப்ப இருந்த ஏர்போர்ட்டான பாய லேபார்னு திருத்தினேன். ஒரு கோப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள யாரோ ஒருத்தர் வந்து "சான்று இல்லை"ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டு போயிட்டார். இப்ப திரும்ப சாங்கின்னே இருக்கு.

படம் வந்தது 1979. சாங்கி ஏர்போர்ட் ஓட ஆரம்பிச்சது 1981 ஜூலை 1ஆம் தேதி. அதுக்கு முந்தி பயணிகள் விமானம் எல்லாம் 1955லேருந்து பாய லேபார்லதான் வந்து இறங்குச்சு. இது இங்க சிங்கப்பூர்ல என் வயசு ஆள் யாரக் கேட்டாலும் தெரியும். அப்புறம் என்ன சான்று வேணும்?

சரி, சான்று வேணும், கேக்கறது நியாயம்தான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சாங்கின்னு எழுதியிருந்தாங்களே, அந்த வரிக்கு சான்று எங்க? ஒரு அடிக்குறிப்பு கூட இல்ல. தப்பா ஒருத்தர் எழுதி வச்சுட்டு போனதுக்கு இத்தன வருஷமா யாரும் சான்று கேக்கல, அத சரி பண்ண வந்தவகிட்ட மட்டும் சான்று எங்கன்னு கேக்கறீங்க. முன்னாடியே வந்து உக்காந்துட்டா தப்பும் சரியாயிடுமா?

சரின்னு, திருத்தத்தப் பத்தி விவாதிக்கறதுக்குன்னு இருக்கற பேச்சுப் பக்கத்துல போய் மரியாதையாத்தான் எழுதினேன். சாங்கி எப்ப திறந்தாங்கங்கறதுக்கு லிங்க்கும் குடுத்தேன். அதுக்கு வந்த பதில் என்ன தெரியுமா, அந்த லிங்க்ல இந்தப் படத்தப் பத்தி ஒண்ணும் இல்லையாம், அதனால நான் சொல்றது "சொந்த ஆய்வு", அதாவது எந்த சான்றுலயும் இல்லாம நானே கண்டுபிடிச்ச முடிவு ஆயிடுமாம். 1979 முந்தியா 1981 முந்தியான்னு பாக்கறதுக்கு ஆய்வு எதுக்குங்க? சரி, பாய லேபார்னு போட வேணாம், அந்த வரியையே தூக்கிடுங்கன்னு கேட்டேன். இது வரைக்கும் பதில் இல்ல.

இதுல இன்னொரு கொடும, பழையபடி ஆக்கற "முன்நிலையாக்கு" பட்டன ஒரு தடவ அமுக்கினா நான் வரிசையா பண்ணின எல்லா திருத்தமும் சேந்தே போயிடும். கமலும் ரஜினியும் சேந்து நடிச்ச கடைசிப் படம் இதுன்னு போட்டிருந்துச்சு. இல்லவே இல்ல. அதே வருஷம் இதுக்கு அப்புறம்தான் அலாவுதீனும் அற்புத விளக்கும் வந்துச்சு, 1981ல தில்லு முல்லுல கமல் வக்கீலா தலைய காட்டுவார், 1985ல இந்தியில கிராப்தார் வேற இருக்கு. அத திருத்தியிருந்தேன். சம்போ சிவசம்போ எம்.எஸ்.வி.யே பாடினது, அத சேத்தேன். யாதும் ஊரே பாட்டுல வர்ற அந்த வரி புறநானூறு 192, கணியன் பூங்குன்றனாரோடது, மத்ததுதான் கண்ணதாசன், அதையும் சேத்தேன். கே. பாலசந்தர் இதே படத்த தெலுங்குல அந்தமைன அனுபவம்னு கூடவே எடுத்தாரு, அதுவும் பக்கத்துல இல்ல, எழுதினேன். 2009ல இதே பேர்ல வந்த வேற படத்தோட தகவல் ரெண்டு இதுல கலந்து கிடந்துச்சு, அத எடுத்தேன். இத்தனையும் ஒரே அமுக்குல போச்சு. அதுல ஒரு வரியாவது அந்த ஆள் படிச்சிருப்பார்னு நினைக்கறீங்களா? நான் நினைக்கல.

"அக்கா ஒரு ஏர்போர்ட் பேருக்கா இவ்ளோ கோவம்"னு நேத்தே ரெண்டு பேரு கமெண்ட்ல கேட்டுட்டாங்க. எங்க அக்கா மகன் உயர்நிலை 2 படிக்கிறான். தமிழ் ப்ராஜெக்ட்டுக்கு சிங்கப்பூர்ல எடுத்த பழைய தமிழ்ப் படம்னு இதத்தான் எடுத்தான், அந்தப் பக்கத்த பாத்து சாங்கின்னு எழுதிட்டு வந்தான். தம்பி அப்ப சாங்கியே இல்லடான்னா, "சித்தி, அதுல போட்டிருக்கே"ன்னு போன தூக்கி காட்டறான். நான் கண்ணால பாத்தது, எங்க வீட்ல சோறு போட்டது, அவனுக்கு அது பத்தல. அந்தப் புள்ளையச் சொல்லி குத்தம் இல்ல. அவன் அப்படித்தான் படிக்கணும்னு சொல்லிக் குடுக்குறோம். அப்ப அங்க இருக்கறது சரியா இருக்கணுமா வேணாமா?

எங்க வீட்ல சோறு போட்டதுன்னு சொன்னேன்ல. எங்க அப்பா பாய லேபார்ல விமானத்துக்கு லக்கேஜ் ஏத்தி இறக்குற வேல பாத்தாரு. வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் மண்ணெண்ண மாதிரி ஒரு வாட வரும், காதுல வச்ச பஞ்ச எடுக்க மறந்துட்டு சாப்பிட உக்காந்துடுவாரு, அம்மா கத்திப் பேசினாத்தான் கேக்கும். அப்ப ஞாயித்துக்கெழமன்னா பாதி ஊரு பாய லேபார் மாடத்துல நிக்கும் விமானம் பாக்க. நாங்களும் போவோம், அப்பாவ பாக்க. மேலேருந்து பாத்தா எல்லாரும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி கையுறை, எது அப்பான்னே தெரியாது. அம்மா அதனால கீழ இருக்கற எல்லாருக்கும் சேத்து கையாட்டும். யாராச்சும் ஒருத்தர் திருப்பி ஆட்டினா அதுதான் அப்பான்னு நாங்க முடிவு பண்ணிக்குவோம்.

படத்துக்கு வந்தவங்க பெட்டிய அப்பா இறக்கினாருன்னு எங்க வீட்ல ஒரு கத உண்டு. அத நான் அந்தப் பக்கத்துல எழுதல. எழுதணும்னு கேக்கவும் இல்ல. வீட்டுக் கத எது, பக்கத்துல போட வேண்டியது எதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். நான் போட்டது ஊருக்கே தெரிஞ்ச ஒரு ஏர்போர்ட்டோட பேரு.

அடுத்து வந்த கமெண்ட், "விதின்னு ஒண்ணு இருக்குல்ல, இல்லாட்டி கண்டவனும் கண்டத எழுதுவான்". இத நான் மதிக்கறேன். ரஜினி ரசிகர் ஒரு பக்கம் கமல் ரசிகர் ஒரு பக்கம் இழுக்கறத நானே பாத்திருக்கேன், சம்பளம் இல்லாம ராத்திரி பகலா அத சுத்தம் பண்றவங்க இருக்காங்க, அவங்க இல்லன்னா அந்தப் பக்கம் உருப்படாது. ஆனா அதுக்குத்தானே "சான்று தேவை"ன்னு ஒரு குறி வச்சிருக்கீங்க? சந்தேகமா, அத போடுங்க, சாங்கிங்கற பேருக்கு பின்னாடியும் போடுங்க, பாய லேபாருக்கு பின்னாடியும் போடுங்க, படிக்கறவன் பாத்துக்குவான். அழிக்கறது எதுக்கு? அதுவும் தப்ப வச்சுட்டு சரிய அழிக்கறது எந்த விதியில இருக்கு?

"அந்தத் தம்பிய பொதுவுல அசிங்கப்படுத்தறீங்க"ன்னு ஒரு அண்ணன் இன்பாக்ஸ்ல எழுதியிருந்தாரு. என் திருத்தத்த அழிச்சவரோட பேர மறைச்சுத்தான் ஸ்கிரீன்ஷாட் போட்டேன் அண்ணே, இன்னொரு தடவ பாருங்க. என்னோட எழுத்த அத்தன பேர் பாக்கற இடத்துல ரெண்டே வார்த்தையில துடைச்சது உங்களுக்கு அசிங்கமா தெரியல, அத நான் வெளிய சொன்னதுதான் தெரியுதா?

உண்மையச் சொன்னா வலிக்கிறது வேற இடத்துல. படத்துல பெரும்பகுதி இங்கதான் எடுத்தாங்க. நம்ம ஊரு சிங்காரி சிங்கப்பூரு வந்தாளாம்னு எங்க ஊரு பேர் வர்ற பாட்டே ஒண்ணு இருக்கு. ஆனா அந்தப் பக்கத்துல சிங்கப்பூருக்கு கிடைச்சது ஒரே ஒரு வரி, அந்த ஒரு வரியும் தப்பு. நாங்க இங்க தலமுற தலமுறயா தமிழ் பேசி, தமிழ் படிச்சு, தமிழ்ப் படத்துக்கு வரிசையில நின்னு டிக்கெட் எடுத்தவங்க. எங்க ஊர்ல எது எங்க இருந்துச்சுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன குறைஞ்சு போச்சு? 1979ல இங்க இருந்தது இப்ப பாதி இல்ல. சிங்கப்பூர் ஆத்துல வரிசையா கிடந்த சரக்குப் படகெல்லாம் 1983ல கிளம்பிடுச்சு, சிங்கத் தலையும் மீன் உடம்புமா இருக்கற மெர்லயன் செலையையே 2002ல எடுத்து வேற இடத்துல வச்சுட்டாங்க, பாய லேபார் இப்ப ஆகாயப்படைத் தளம், நான் போய் நின்னு பாக்கக்கூட முடியாது. எங்க அப்பாவும் இல்ல. அந்த ஊர பாக்கணும்னா எனக்கு அந்தப் படம்தான் இருக்கு. அதப் பத்தி எழுதற இடத்துல எவரோ வந்து, இந்த ஊர்ல கால் வச்சாரோ என்னவோ, நீ சொல்றது செல்லாதுன்னா எப்படி இருக்கும்?

படம் வந்த அதே 1979லதான் இங்க வாய்மொழி வரலாறுன்னு ஒரு பிரிவே ஆரம்பிச்சாங்க. சாதாரண ஆளுங்க சொன்னத தமிழ்லயும் பதிவு பண்ணி தேசிய ஆவணக் காப்பகத்துல வச்சிருக்காங்க. அரசாங்கமே உக்காந்து கேட்டு எழுதி வச்சுச்சு. கலைக்களஞ்சியத்துக்கு மட்டும் எங்க பேச்சு ஆகாது.

ஆனா விடப் போறதில்ல. படக்குழு வந்து போனத அந்தக் காலத்து தமிழ் முரசு பேப்பர்ல எழுதாமலா இருந்திருக்கும்? தேதி பக்கம் எல்லாம் போட்டு சான்றா குடுத்தா அப்புறம் என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம், 11வது மாடி, வர்ற சனிக்கெழம காலையில போறேன். 1978 கடைசியிலேருந்து ஒவ்வொரு நாளா பாக்கணும், மைக்ரோஃபிலிம்ல அந்தப் பொடி எழுத்த ரொம்ப நேரம் படிக்க என் கண்ணு பத்தாது. கூட வந்து உக்கார முடியறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. யார் வீட்லயாவது அந்த ஷூட்டிங் சமயத்து போட்டோ இருந்தா, பின்னாடி தேதி எழுதியிருந்தா, அதையும் எடுத்துட்டு வாங்க.