அந்த அறையை விட்டு அவர்களை ஏன் வெளியே கூட்டிப் போனீர்கள்?

பழைய பிரிட்டிஷ் சிட்காம்களை, அதாவது டிவியில் வாராவாரம் வந்த அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்களை வைத்து எடுத்த சினிமாக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அரை மணி நேர விஷயத்தை ஒன்றரை மணி நேரம் இழுத்தால் இப்படித்தான் ஆகும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நீளம் ஒரு சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களில் பலவும் சறுக்கியது வேறு இடத்தில். எங்கேயும் போக வழியில்லாத மனிதர்களைப் பற்றிய கதைகள் அவை. சினிமாக்காரர்கள் அந்த மனிதர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து வெளியூர் அனுப்பிவைத்தார்கள். கதை அங்கேயே செத்துப்போனது.

முதலில் இந்த அலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1969இல் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' படமாக வந்தது. அப்புறம் 'ஆன் தி பஸஸ்', 'டாட்ஸ் ஆர்மி', 'ஸ்டெப்டோ அண்ட் சன்', 'பிளஸ் திஸ் ஹவுஸ்', 'மேன் அபவுட் தி ஹவுஸ்', 'போரிட்ஜ்', 'ரைசிங் டேம்ப்' என்று 1980 வரை வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்க ஸ்டுடியோக்கள் பிரிட்டிஷ் படங்களில் போட்டுவந்த பணத்தைப் பெருமளவு நிறுத்திக்கொண்டன. மிச்சமிருந்த தயாரிப்பாளர்களுக்குச் சின்ன பட்ஜெட்டில் நிச்சயமாக ஓடக்கூடிய ஏதாவது வேண்டியிருந்தது. டிவியில் வாராவாரம் கோடிப் பேருக்கு மேல் பார்க்கும் முகங்கள் தயாராக இருந்தன. வீட்டில் வீடியோ கிடையாது, ஓர் எபிசோடைத் தவறவிட்டால் போனது போனதுதான். பல வீடுகளில் இன்னும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பிடித்த முகங்களைப் பெரிய திரையில், கலரில் பார்க்கலாம் என்றால் கூட்டம் வராமலா இருக்கும்?

வந்தது. டிராகுலா படங்களால் பெயர் வாங்கிய ஹாமர் நிறுவனம் 1971இல் 'ஆன் தி பஸஸ்' எடுத்தது. அந்த வருடம் பிரிட்டனில் மிக அதிகம் வசூலித்த படங்களில் அதுவும் ஒன்று. 1972இல் ஒன்று, 1973இல் ஒன்று என்று அதற்கு இரண்டு தொடர்ச்சிகள். பேருந்து நிறுவனம் பெண் ஓட்டுநர்களை வேலைக்கு எடுக்கிறது, ஆண் ஊழியர்கள் சேர்ந்து அவர்களைத் துரத்தக் குழிபறிக்கிறார்கள். முதல் படத்தின் கதை இதுதான். இன்று பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை. அந்தக் காலத்திலும் வேலைக்குப் போன பெண்கள் இருந்தார்கள், டிக்கெட் வாங்கி இதைப் பார்த்தார்கள்.

சரி, சிட்காம் என்ற வடிவத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துத் தொடர்களைப் பெரும்பாலும் ஸ்டுடியோவில், நேரில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்கள் முன்னால் நாடகம் போலத்தான் பதிவு செய்தார்கள். மூன்று சுவர்கள், நான்காவது பக்கம் கேமராக்களும் ஜனங்களும். நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு நிற்பார். சிரிப்பு எழும்பி அடங்கும்வரை முகத்தை அப்படியே வைத்திருப்பார். அந்த நேரத்தில் முகம் செய்யும் வேலைதான் பாதி நகைச்சுவை. 'டாட்ஸ் ஆர்மி'யில் கேப்டன் மேன்வாரிங்காக நடித்த ஆர்தர் லோ இதில் மன்னர். அவமானப்பட்ட பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஒரு பார்வை பார்ப்பார். அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, அரங்கம் சிரித்துக்கொண்டே இருக்கும். சினிமாவில் அந்த அரங்கம் இல்லை. அதே நடிகர், அதே வசனம், அதே நிறுத்தம். நிறுத்தத்துக்குள் மௌனம் மட்டும்தான் இருக்கிறது. இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஏதோ குறைகிறதே என்று தோன்றுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் அந்த மூன்று சுவர்கள். நல்ல எழுத்தாளர்கள் அந்தச் சுவர்களைக் குறையாகப் பார்க்கவில்லை, கதையாகவே மாற்றினார்கள். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1962இல் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரும் எழுதிய ஒற்றை நாடகம் அது. லண்டனில் குதிரைவண்டி வைத்துக் காயலாங்கடை நடத்தும் அப்பா, மகன். மகன் ஹெரால்டுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. புத்தகம், இசை, நல்ல மனிதர்கள் பழக்கம் என்று அவனுக்கு வேறு வாழ்க்கை மீது ஆசை. வீட்டை விட்டுப் போகிறேன் என்று தன் சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பா மறுக்கிறார். அவனே வண்டியை இழுக்கிறான். வண்டி அசையவில்லை. திரும்பத் திரும்ப இழுக்கிறான், கடைசியில் உடைந்து அழுகிறான். அப்பா மெல்ல உள்ளே அழைத்துப் போகிறார். ஹாரி ஹெச். கார்பெட் அந்த இடத்தில் நடிப்பதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு எபிசோடுக்குள்ளும் அந்த அசையாத வண்டி இருக்கிறது.

1972இல் வந்த படத்தில் ஹெரால்டுக்குக் கல்யாணம் ஆகிறது. தேனிலவுக்கு ஸ்பெயின் போகிறான். அப்பாவும் கூடவே வந்துவிடுகிறார். நடிகர்கள் அவர்களேதான், எழுத்தாளர்களும் அவர்களேதான், நன்றாக எழுதிய இடங்களும் உண்டு. ஆனால் வண்டி அசைந்துவிட்டது. ஸ்பெயினுக்குப் போய்வர முடிந்த ஹெரால்டு வேறு ஆள். அவன் மீது எனக்குப் பரிதாபம் வருகிறது, அந்தப் பழைய வலி வரவில்லை.

ஸ்பெயின் அப்போது பிரிட்டிஷ்காரர்களுக்கு எட்டும் விலையில் விடுமுறைக்குப் போகும் ஊர். அதனால் படத்துக்குப் படம் அங்கேயே போய் நின்றார்கள். துணிக்கடை ஊழியர்களின் கதையான 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' 1977இல் படமானபோது ஒட்டுமொத்தக் கடையையும் ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். கடையின் மேல்கீழ் வரிசைதான் அங்கே நகைச்சுவையே. யார் யாருக்கு மேல், யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும், யார் முதலில் சாப்பிடப் போகலாம். கடற்கரையில் இதெல்லாம் எங்கே இருக்கும்?

'டாட்ஸ் ஆர்மி'க்கு நேர்ந்தது கொஞ்சம் நுட்பமானது, அதனால் அதில் சற்று நிற்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர வயதோ உடம்போ இடம் தராதவர்கள் ஊர்க்காவலுக்கு நிற்கும் கதை. ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட் எழுதி 1968 முதல் 1977 வரை ஓடிய தொடர். வங்கி மேலாளர் மேன்வாரிங்தான் கேப்டன். எதிரி வருவான் வருவான் என்று ஒவ்வொரு வாரமும் காத்திருப்பார்கள். பெரும்பாலான எபிசோடுகளில் எதிரி வரவே மாட்டான். 1971இல் கொலம்பியா ஸ்டுடியோ பணம் போட்டு எடுத்த படத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஜெர்மானியர்களையே காட்டிவிட்டார்கள். கடைசியில் மூன்று ஜெர்மன் விமானப் படையினர் ஊருக்குள் வந்து, தேவாலயக் கூடத்தில் ஜனங்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துவைக்கிறார்கள். மேன்வாரிங் துப்பாக்கியோடு நேருக்கு நேர் போய் நிற்கிறார். துணிச்சலான காட்சி, நன்றாகத்தான் நடித்திருக்கிறார்.

இப்போது 1973க்கு வாருங்கள். தொடரின் ஓர் எபிசோடில் அதே தேவாலயக் கூடம், அதே மாதிரி ஜெர்மானியர்கள். பிடிபட்ட நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனையும் அவருடைய ஆட்களையும் ஓர் இரவு காவல் காக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்க ஆர்டர் எடுக்கிறார்கள். வறுவல் நமத்துப்போயிருக்கக் கூடாது, மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்று கைதி நிபந்தனை போடுகிறார். தன்னை அவமதிப்பவர்களின் பெயரை எல்லாம், போரில் ஜெயித்த பிறகு கணக்குத் தீர்க்க ஒரு பட்டியலில் எழுதிக்கொள்கிறார். சின்னப் பையன் பைக், ஹிட்லரைக் கேலி செய்து பாட்டுப் பாடுகிறான். உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன என்று கேட்கிறார் ஜெர்மன் கேப்டன். மேன்வாரிங் பாய்ந்து சொல்கிறார்: "சொல்லாதே, பைக்!"

பிரிட்டிஷ் டிவியில் இவ்வளவு புகழ்பெற்ற வசனங்கள் வெகு சிலவே. அந்த ஒரு வரியில் மேன்வாரிங்கின் வீரம், பதற்றம், பையன் மீதான அக்கறை, அசட்டுத்தனம் எல்லாம் இருக்கின்றன. படத்தில் அவர் துப்பாக்கி முனையில் காட்டிய வீரத்தைவிட இதில் மனிதர் பெரியவராகத் தெரிகிறார். டோபி ஜோன்ஸ், பில் நை போன்ற அருமையான நடிகர்களை வைத்து 2016இல் மறுபடியும் படமாக எடுத்தார்கள். கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் உளவாளி. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய நடிகர்களின் முகங்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

இனி எனக்கு மிகவும் பிடித்த படம். 'போரிட்ஜ்', 1979. சிறைக்குள் நடக்கும் தொடரின் சினிமா வடிவம். எழுதியவர்கள் டிக் கிளமென்ட், இயன் லா ஃப்ரெனே. படத்தை கிளமென்டே இயக்கினார். தொடரில் 1974இல் வந்த ஓர் எபிசோடு முழுக்க ஒரே சிறை அறைக்குள் நடக்கும். பழைய கைதி ஃப்ளெட்சரின் அறைக்குப் புதிய பையன் காட்பர் வந்து சேரும் ராத்திரி. கதவு பூட்டப்பட்டதும் பையனுக்கு மூச்சு முட்டுகிறது. நினைத்தால் வெளியே போயிருக்கலாம், இன்றைக்கு வீட்டிலேயே இருப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம், அப்படி நினைத்துக்கொள் என்று ஃப்ளெட்சர் அவனைத் தேற்றுவார். ஃப்ளெட்சராக நடித்த ரானி பார்க்கர் அதைச் சொல்லும் குரல் இருக்கிறதே! அறிவுரை மாதிரியே இருக்காது.

இப்படிப்பட்ட தொடரை எப்படிப் படமாக்குவது? சிறையிலிருந்து தப்பிக்க வைக்கலாம். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். தப்பிக்கவும் வைத்தார்கள். சிறைக்குள் ஒரு கால்பந்துப் போட்டி, அதன் மறைவில் இன்னொரு கைதி தப்பிக்கத் திட்டம். எதிர்பாராமல் ஃப்ளெட்சரும் காட்பரும் அந்தத் தப்பிக்கும் வண்டியில் மாட்டிக்கொள்கிறார்கள். இருவருக்கும் தண்டனைக் காலம் கொஞ்சம்தான் பாக்கி. வெளியே பிடிபட்டால் வருடக்கணக்கில் கூடிவிடும். ஆகவே யாருக்கும் தெரியாமல் சிறைக்குள் திரும்பி நுழைய வேண்டும்!

எவ்வளவு அழகான யோசனை! சினிமா கேட்கிற ஓட்டம், வெட்டவெளி, பரபரப்பு எல்லாம் கிடைத்துவிட்டது. சிட்காமின் உயிரும் அப்படியே இருக்கிறது. வெளி உலகம்தான் அவர்களுக்கு ஆபத்து, அறைதான் பத்திரம். தொடர் ஓடிய காலத்தில் உண்மையான சிறைக்குள் படம்பிடிக்க அனுமதி கிடைக்காமல் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். படத்துக்கு செம்ஸ்ஃபோர்ட் சிறையே கிடைத்தது, 1978இல் அங்கே தீப்பிடித்துக் கைதிகளை வேறு இடங்களுக்கு மாற்றியிருந்ததால். அந்தக் குளிரும் ஈரமும் அழுக்குச் சுவரும் திரையில் தெரிகின்றன. காட்பராக நடித்த ரிச்சர்ட் பெக்கின்சேல் படம் வெளியாகும் முன்பே, 1979 மார்ச்சில், 31 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அது தெரிந்து பார்க்கும்போது அந்தப் பையனின் சிரிப்பைத் தாங்குவது கஷ்டம்.

பின்னால் வந்தவற்றில் 'இன் தி லூப்' (2009) இதே பாடத்தைப் படித்திருக்கிறது. 'தி திக் ஆஃப் இட்' என்ற அரசியல் நையாண்டித் தொடரிலிருந்து அர்மாண்டோ இயனூச்சி எடுத்த படம், திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. பிரிட்டிஷ் மந்திரி வாஷிங்டன் போகிறார், உண்மைதான். ஆனால் அங்கே அவரை ஒரு நாற்காலியை நிரப்பத்தான் உட்கார வைக்கிறார்கள். அங்கிருந்து திரும்பினால், தொகுதியில் இடியும் நிலையில் இருக்கும் ஒரு மதில் சுவரைப் பற்றிய புகார் காத்திருக்கிறது. எத்தனை மைல் பறந்தாலும் அவர் அதே சின்ன அறைக்குள்தான் இருக்கிறார். ஒரு வானொலி அறிவிப்பாளரின் கதையான 'ஆலன் பார்ட்ரிட்ஜ்: ஆல்ஃபா பாப்பா' (2013) அவருடைய சொந்த நார்ஃபோக் மாவட்டத்தை விட்டு நகரவே இல்லை. ஒரு வானொலி நிலையம், உள்ளே பிணைக்கைதிகள், பெரும்பகுதி அவ்வளவுதான். அதுவும் ஜெயித்தது.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த மிஸ்டர் பீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 படத்தில் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அனுப்பினார்கள். உலகம் முழுக்க வசூல் கொட்டியது. ஆனால் படம் முடிந்த பிறகு எது நினைவிருக்கிறது? மூடிய அறைக்குள் தனியாக ஒரு புகழ்பெற்ற ஓவியத்தின் முன் நின்று தும்மிவிட்டு, துடைக்கப் போய் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே போகிறாரே, அந்தக் காட்சி. ஓர் ஆள், ஓர் அறை, ஒரு தவறு. அதற்கு அமெரிக்கா தேவைப்படவில்லை.

சிடுசிடுப்பான ஹோட்டல் முதலாளி பேசிலின் கதையான 'ஃபால்டி டவர்ஸ்' மட்டும் படமாகவே இல்லை. 1975இலும் 1979இலுமாக மொத்தமே 12 எபிசோடுகள். பேசிலாக நடித்த, தொடரை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கிளீஸ், படத்துக்கு ஒரு கதை யோசித்து வைத்திருந்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பேசில் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறார். விமான நிலையத்தில் தாமதம். விமானம் ஏறினால் கடத்தல்காரன். கோபத்தில் அவனையே பேசில் மடக்கிவிடுகிறார். விமானத்தை லண்டனுக்குத் திருப்பப்போகிறோம் என்று விமானி சொன்னதும், அதே துப்பாக்கியை எடுத்து ஸ்பெயினுக்கே விடச் சொல்கிறார். இறங்கியதும் கைது, விடுமுறை முழுக்க ஸ்பானிஷ் சிறையில்! அரை மணி நேரத்தில் கட்டி எழுப்பும் வேகத்தை ஒன்றரை மணி நேரம் தாங்கவைப்பது கஷ்டம், நடுவில் இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்று சொல்லி அவர் விட்டுவிட்டார். அவர் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்பெயின் வரைக்கும் போயும் பேசிலை ஒரு பூட்டிய அறைக்குள் வைக்கத் தெரிந்தவர் அவர். அந்தப் படம் வந்திருக்க வேண்டும்.