எல்லாம் நம்மளோடதுதான்!

(கிழக்கு மலேசியாவின் சரவாக் மாநிலம், கூச்சிங் பக்கம் சந்துபோங் மலையடிவாரம். ரெயின்ஃபாரஸ்ட் உலக இசை விழா. தீபகற்ப மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திருக்கிறார்கள் மாமாவும் மருமகனும். மாமா முப்பது வருஷம் கோயில் மேளத்தில் தவில் அடித்தவர். புதுச் சிலிப்பர் போட்டிருக்கிறார். அது முக்கியம்.)

மாமா: ஏன்டா, சொந்த நாட்டுக்குள்ளதானே வந்தோம்? ஏர்போர்ட்டுல எதுக்கு அடையாள அட்டையைக் காட்டச் சொன்னான்?

மருமகன்: சரவாக்குக்குக் குடிநுழைவு அதிகாரம் தனி மாமா. நம்ம பக்கத்துலேருந்து சுத்திப் பாக்க வந்தா 90 நாள்தான் தங்கலாம்.

மாமா: அத்தைகிட்ட சொல்லிடாத. தொண்ணூறு நாளும் இருந்துட்டே வாங்கன்னுடுவா. சரி, நாற்காலி எங்க?

மருமகன்: ராத்திரிக் கச்சேரிக்குப் புல்லுலதான் உக்காரணும்.

மாமா: காசு குடுத்துப் புல்லுக்கு வர்றதுக்கு நான் என்ன ஆடா?

மருமகன்: அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்ப மத்தியானப் பட்டறை. வாங்க, நீளவீட்டுக்குள்ள போவோம். இங்கத்துப் பழங்குடி ஆளுங்க பல குடும்பமா ஒரே கூரையில வாழுற வீடு. பல நாட்டு ஆளுங்க ஒண்ணா உக்காந்து ஒத்திகை இல்லாம வாசிப்பாங்க. 1998லேருந்து நடக்குற விழா மாமா இது.

(உள்ளே. மூங்கில் தரை ஆடுகிறது. எல்லோருக்கும் வேர்வை.)

மாமா: அவரு மடியில என்னடா, குட்டிப் படகு?

மருமகன்: அதுதான் சாப்பே. ஒரே மரத்தைக் குடைஞ்சு செய்யிறது. காயான், கென்யா ஆளுங்க வாத்தியம். அந்தக் காலத்துல நோய் தீர்க்குற சடங்குக்கு வாசிப்பாங்களாம்.

மாமா: கென்யாவா! ஆப்பிரிக்காவுலேருந்தா வர்றாரு?

மருமகன்: அந்தக் கென்யா இல்ல மாமா. இங்கேயே சரவாக்குல பாராம் ஆத்துப் பக்கம் இருக்கிற கென்யா இனம்.

மாமா: ஒரே மரம்னா நம்ம ஏகாண்ட வீணைதான். எழுதி வச்சுக்க. தஞ்சாவூர்லேருந்து வந்திருக்கு.

மருமகன்: அவ்வளவு தூரம் காட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?

மாமா: அதான் படகு மாதிரி இருக்கே. ஆத்துலயே வந்திருக்கும்.

மருமகன்: இந்தப் பக்கம் பாருங்க. கோரா. மேற்கு ஆப்பிரிக்கா. பாதிச் சுரைக்குடுக்கை, மேல மாட்டுத்தோல், 21 நரம்பு.

மாமா: வீணையில கூடத்தான் சுரைக்குடுக்கை இருக்கு. நம்மளோடதுதான்.

மருமகன்: அப்பா, தாத்தா, பூட்டன்னு பரம்பரையா வாசிக்கிற குடும்பங்க மாமா. கல்யாணம், பேர் வைக்கிறதுன்னு எல்லாத்துக்கும் போவாங்க.

மாமா: மேளக்காரக் குடும்பமா? (குரல் இளகுகிறது) பாவம்டா. கல்யாண வீட்டுல பாக்கியை ஒழுங்கா குடுத்துடுறாங்களான்னு கேளு.

மருமகன்: அதெல்லாம் கேக்க முடியாது மாமா.

மாமா: ஆமா, இவங்கள்ல ஒருத்தன் பேச்சு இன்னொருத்தனுக்குப் புரியல. யாருடா தலைமை? ஒருத்தன் புருவத்தைத் தூக்குறான், இன்னொருத்தன் ஆரம்பிச்சுடுறான். எங்க செட்டுல எல்லாரும் தமிழ்தான். ஒருநாள் ஒண்ணா ஆரம்பிச்சதில்ல.

(வெளியே. வானம் இருட்டுகிறது. முதல் மேடை.)

மருமகன்: இது டிஜெரிடூ. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோடது. யூகலிப்டஸ் மரத்தைக் கரையான் குடைஞ்சு குழாயாக்கிடும். அதை வெட்டி ஊதுறாங்க.

மாமா: எங்க வீட்டு நிலைக்கதவையும் கரையான் குடைஞ்சுது. ஆள வச்சு மருந்து அடிச்சேன். ஊதிப் பாக்கத் தோணல பாரு... டேய், இவன் எப்படா மூச்சு விடுறான்?

மருமகன்: கன்னத்துல காத்தை வச்சுத் தள்ளிக்கிட்டே மூக்கால இழுக்கிறாரு.

மாமா: அட, நம்ம ஒத்துக்காரர் வேலை! நாகசுரத்துக்குப் பக்கத்துல நின்னு சுருதி விடாம ஊதுவாரே. நம்மளோடது.

மருமகன்: சரி, அடுத்தவரைப் பாருங்க. துவா நாட்டுப் பாட்டு. ரஷ்யாவுக்குள்ள, மங்கோலியா எல்லையில இருக்கு. ஒரே தொண்டையில கீழ ஒரு குரல், மேல விசில் மாதிரி ஒரு குரல். ரெண்டும் ஒரே நேரத்துல.

(மாமா ரொம்ப நேரம் பேசவில்லை.)

மருமகன்: என்ன மாமா, இது நம்மளோடது இல்லதானே?

மாமா: இரு. எங்க கோயில் பொருளாளர் ஒரே மூச்சுல "கணக்குல காசில்ல"ன்னும் சொல்வாரு, "காசுக்குக் கவலையில்ல"ன்னும் சொல்வாரு. நம்மளோடதுதான்.

(இரண்டாம் மேடை. பால்கன் இசைக்குழு. கூட்டம் எழுந்து ஆடுகிறது. மாமா ஆடவில்லை; விரல் விட்டு எண்ணுகிறார்.)

மாமா: சும்மா இரு, பேசாத. ஏழு... ஏழுதான்டா! மிஸ்ர சாபு தாளம்!

மருமகன்: பல்கேரியா நாட்டுல இந்த ஏழுல கிராமமே ஆடும் மாமா.

மாமா: கிராமமே ஏழுல ஆடுதா? எங்க செட்டுல புதுப் பையனுக்கு இந்த ஏழைச் சொல்லிக் குடுக்க ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா ஒரு குத்தம் இருக்கு. நாம "தகிட தகதிமி"ன்னு மூணுல எடுப்போம். இவனுங்க "தகதிமி தகிட"ன்னு மூணைக் கடைசியில வைக்கிறானுங்க. கொண்டு போனவன் தலைகீழாப் புடிச்சுக் கொண்டு போயிருக்கான்.

மருமகன்: எங்க மாமா போறீங்க? சேறு! உங்க சிலிப்பர்!

மாமா: கிட்டப் போய்த் திருத்திட்டு வரேன்.

(மழை கொட்டுகிறது. யாரும் ஓடவில்லை. புல்தரை சேறாகி, கூட்டம் அதில் குதிக்கிறது. மாமா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்து அடிக்கிறார். முதலில் அவர் மூணை முன்னால் போடுகிறார், மேடை பின்னால் போடுகிறது. அப்புறம் யாரும் பார்க்காதபோது மாமாவும் பின்னால் போடுகிறார். சுற்றி இருபது பேர் ஆடுகிறார்கள்.)

மருமகன்: மாமா! போதும் மாமா, கை வீங்கிடும்!

மாமா: தவில் கை இது, வீங்காது! டேய், அந்த இந்த ஊர்ப் பழங்குடி இபான் தாத்தா ரொம்ப நேரமா என்னையே பாத்துத் தலையாட்டுறாரு. ரசிகர் போல. என்னமோ சொல்றாரு, கேளு.

மருமகன்: (போய்க் கேட்டுவிட்டு வந்து) உங்க அடி பிரமாதமாம்.

மாமா: தெரியும். அப்புறம்?

மருமகன்: அவங்க ஊர் நீளவீட்டுல காவாய் அறுவடைத் திருநாளுக்குக் கெண்டாங் மேளத்துல இதே அடிதான் அடிப்பாங்களாம். அவங்ககிட்டேருந்துதான் உங்களுக்கு வந்திருக்கணும்கிறாரு.

(மாமாவின் கை நிற்கிறது. மழை மட்டும் வாளியை அடிக்கிறது.)

மாமா: என்னடா ஆளு இவரு? எதைப் பாத்தாலும் "நம்மளோடது"ங்கிறாரு!

மருமகன்: அதை விடுங்க மாமா. அதோ, சேத்துல ஒரு ஒத்தைச் சிலிப்பர் மிதந்து போகுது. அதையாச்சும் நம்மளோடதுன்னு ஓடிப்போய்ப் பிடிங்க.