பின்பக்கம் படுத்திருக்கிறவர்

வீட்டுக்காரர்: மேஸ்திரி, பின்பக்கம் படுத்திருக்கிறாரே, அவரை முதலில் வெளியே அனுப்புங்க. மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

மேஸ்திரி: நானே சொல்லலாம் என்றிருந்தேன் சார். உங்கள் வாயால் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர்: உங்களுக்கும் தெரியுமா?

மேஸ்திரி: சித்தாள் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். காலையில் செங்கல் அடுக்கு நிழலில் ஒரு தூக்கம். வெயில் ஏறினால் சென்ட்ரிங் பலகைக்குக் கீழே இன்னொரு தூக்கம்.

வீட்டுக்காரர்: அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் நானும் பார்த்தேன். சட்டையை உரித்துப் போட்டிருக்கிறார்.

மேஸ்திரி: புழுக்கத்துக்குக் கழற்றியிருப்பார், அது போகட்டும். வாய்தான் சார் தாங்க முடியவில்லை. கொத்தனார் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

வீட்டுக்காரர்: ஐயையோ! வாய் வைத்துவிட்டாரா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்களா?

மேஸ்திரி: எதற்கு சார்? அடுத்த தெருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர்: என் மனைவி அவருக்குப் பயந்துகொண்டு மனைப் பக்கமே வருவதில்லை.

மேஸ்திரி: அம்மாவே பயந்தால் எப்படி? சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்களாயிற்றே.

வீட்டுக்காரர்: அவள் வளர்ந்தது ஓட்டு வீடு. அங்கே ஒன்று இருந்ததாக அவளும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது கூரையிலேயே இருக்குமாம், கீழே இறங்காதாம்.

மேஸ்திரி: சின்னப் பிள்ளையில் எல்லோரும் ஏறுவதுதான் சார். அதற்காக இன்னும் சொல்லிக்காட்டக் கூடாது.

வீட்டுக்காரர்: மேஸ்திரி, நேற்று மதியம் அவர் ஒரு எலியை முழுசாக விழுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

(மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.)

மேஸ்திரி: உங்கள் மச்சானா சார்?

வீட்டுக்காரர்: மச்சானா? பாம்பைச் சொல்கிறேன் மேஸ்திரி, பாம்பு! பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டோம்.

மேஸ்திரி: அட, பாம்புதானா? ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுவிட்டேன். அது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மச்சானை என்ன செய்வது, அதைச் சொல்லுங்க.

வீட்டுக்காரர்: விளையாடாதீர்கள். ஆறடி இருக்கிறது. பழுப்பு நிறம். பெரிய கண்.

மேஸ்திரி: உதட்டில் கறுப்புக் கோடு கோடாக, தையல் போட்ட மாதிரி இருந்ததா?

வீட்டுக்காரர்: உதட்டைப் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

மேஸ்திரி: நான் பார்த்தேன். சாரை. படமெடுக்காது, நஞ்சு கிடையாது. அஸ்திவாரம் தோண்டும்போதே இங்கேதான் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் நாம்தான் அதனிடம் என்.ஓ.சி. வாங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர்: சாரையும் நல்ல பாம்பும் ஜோடியாம். இது இருந்தால் அதுவும் தேடிக்கொண்டு வருமாம். மச்சான் சொன்னார்.

மேஸ்திரி: சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு சார். அதற்குச் சொந்தத்திலேயே வரன் கிடைக்கிறது.

வீட்டுக்காரர்: இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழுந்து நிற்பதை ஊரில் நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பாட்டி துண்டை எடுத்துப் போடச் சொன்னாள், அதிர்ஷ்டம் என்று.

மேஸ்திரி: அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரை மல்லுக்கட்டுவது. இடத்துக்கும் பெண்ணுக்கும் சண்டை. பங்காளித் தகராறு நடக்கிற இடத்தில் போய்த் துண்டு போட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்காரர்: சரி, நஞ்சில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடித்துப் போட்டுவிட்டால் நிம்மதிதானே?

மேஸ்திரி: 1972 வனவிலங்குச் சட்டத்தில் இதுவும் இருக்கிறது. அடித்தால் கேஸ். தீயணைப்புக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுவார்கள். அதற்கப்புறம் எலிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வீட்டுக்காரர்: மச்சான் வேறு வழி சொன்னார். பூண்டைத் தட்டிச் சுற்றிலும் போடணுமாம். மேலே பெருங்காயம் கரைத்து ஊற்றணுமாம்.

மேஸ்திரி: கொஞ்சம் புளியும் கரைத்துவிட்டால் ரசம் ஆயிற்று. ஆட்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஆகும்.

வீட்டுக்காரர்: வாசலில் சிறியாநங்கைச் செடி வைத்தால் வராதாமே?

மேஸ்திரி: எங்கள் தெருவில் சிறியாநங்கைத் தொட்டிக்கு அடியிலேயே குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது சார். குளிர்ச்சியாக இருந்திருக்கும். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். எலி வருவது எச்சில் சோற்றுக்கு. அந்தப் பிரியாணிப் பொட்டலத்தை மனையிலேயே பிரித்து, எலும்பை மணலில் போடுகிறவர் யார் என்று விசாரியுங்க.

வீட்டுக்காரர்: யார்?

மேஸ்திரி: சட்டை போட்டவர்.

வீட்டுக்காரர்: அவரை விடுங்க மேஸ்திரி. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. சுற்றிலும் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் பாம்பு, தவளை, புல், பூச்சி எதுவும் வராது. காங்கிரீட் போட்டு, மேலே பேவர் பிளாக். கேட்டிலிருந்து பின்சுவர் வரை ஓர் அங்குல மண் கண்ணில் படக் கூடாது.

மேஸ்திரி: வேப்பமரத்தை இலை விழுகிறது என்று வெட்டச் சொன்னவரும் அவர்தானே?

வீட்டுக்காரர்: பெருக்கி முடியவில்லை மேஸ்திரி.

மேஸ்திரி: ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் காடு மாதிரி வால்பேப்பர் ஒட்டச் சொன்னதும் அவர்தான். மூன்று கிளி, ஒரு அருவி.

வீட்டுக்காரர்: அந்தக் காட்டைப் பெருக்க வேண்டியதில்லையே.

மேஸ்திரி: அதுவும் சரிதான். மரம் போனதால் மேல் ரூமுக்கு ஏ.சி. பாயிண்ட் ஒன்று கூட வந்திருக்கிறது, எலெக்ட்ரீஷியன் கணக்கில் பாருங்க. அது இருக்கட்டும். எல்லாம் சிமென்ட் என்றால் மழைநீர்ச் சேகரிப்பு எங்கே?

வீட்டுக்காரர்: அதுதான் குழாய் விட்டிருக்கிறோமே!

(இந்தக் குழாயைப் பற்றி நான் இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னையை ஒட்டிய மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் புது வீடுகளில் இதைப் பார்க்கலாம். மாடியிலிருந்து சாம்பல் நிற பி.வி.சி. குழாய் சுவரோடு இறங்கும். கிளாம்ப் எல்லாம் ஒழுங்காக அடித்திருக்கும். பக்கத்தில் நீல பெயின்டில் ‘மழைநீர் சேகரிப்பு’ என்று எழுதி, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கும். அம்பு காட்டும் இடத்தில் குழாயின் வாய் சிமென்ட் தரைமேல் உட்கார்ந்திருக்கும். குழியும் இருக்காது, தொட்டியும் இருக்காது. போட்டோவுக்காக நிற்கிற குழாய்.)

மேஸ்திரி: சார், அந்தக் குழாய் எங்கே போகிறது?

வீட்டுக்காரர்: மண்ணுக்குள்.

மேஸ்திரி: மண் எங்கே?

வீட்டுக்காரர்: சிமென்டுக்குக் கீழே.

மேஸ்திரி: தண்ணீருக்கு அது தெரியுமா?

வீட்டுக்காரர்: யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? 2024லிருந்து கட்டட அனுமதிக்குச் சுயசான்று வந்துவிட்டது. 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம். நாமே ஆன்லைனில் சான்று கொடுத்துக்கொள்ளலாம். மழைநீர்ச் சேகரிப்பு உண்டு என்று நாமே போட்டுவிட்டோம்.

மேஸ்திரி: நாமே என்றால்? கையெழுத்து உங்களுடையது சார். நான் கம்பி கட்டினேன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்: ஊரில் எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்?

மேஸ்திரி: 2003லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். அப்போது நான் கையாள். தெருத்தெருவாகக் குழி எடுத்தோம், ஜல்லி போட்டோம், மணல் போட்டோம். கிணற்றில் தண்ணீர் ஏறியதை ஜனங்கள் எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். இப்போது குழி போய்விட்டது, பெயின்ட் மட்டும் நிற்கிறது.

வீட்டுக்காரர்: மழை என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது மேஸ்திரி? நமக்கு லாரித் தண்ணீர் இருக்கிறது.

மேஸ்திரி: உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 900 லிட்டருக்கு மேல். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் பத்து சென்டிமீட்டர் கொட்டுகிற ஊர் இது. கணக்குப் பண்ணுங்க.

வீட்டுக்காரர்: ஒன்பதாயிரம்…

மேஸ்திரி: ஒரு லாரி. ஹாரன் அடிக்காமல், மாடிக்கே வந்து ஊற்றிவிட்டுப் போகிறது. அதை அப்படியே கேட்டுக்கு வெளியே தள்ளுகிறீர்கள். சித்திரையில் அதே ஒன்பதாயிரத்தைக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவருகிறீர்கள். இதற்கு ஐடியா கொடுத்தது யார் சார்?

வீட்டுக்காரர்: மச்சான்.

மேஸ்திரி: நான் பேர் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடுவார்.

வீட்டுக்காரர்: கேட்டுக்கு வெளியே போனால் என்ன தப்பு? நம் வீட்டுக்குள் வராமல் இருந்தால் சரி. அதற்குத்தானே ரோட்டு மட்டத்துக்கு மேல் நாலடி தூக்கிக் கட்டுகிறோம்.

மேஸ்திரி: பக்கத்து வீட்டுக்காரர் மூன்றடி தூக்கினார். நீங்கள் நாலடி. எதிர் மனைக்காரர் ஐந்தடி போடச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரர்: ஐந்தடியா? எப்போது சொன்னார்? நாமும் ஏற்றிவிடலாமா?

மேஸ்திரி: ஏற்றலாம். நடுவில் ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ஊற்றி அவர்களும் அரை அடி ஏற்றுவார்கள். அப்புறம் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க ஆள் தேடுவீர்கள். அதற்கும் ஆள் இருக்கிறது சார், நம்பர் தருகிறேன். நான் கேட்பது வேறு. எல்லோரும் மேலே ஏறிவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்?

வீட்டுக்காரர்: ரோட்டில்.

மேஸ்திரி: ரோட்டில் எவ்வளவு நேரம் நிற்கும்? ஓடுமே.

வீட்டுக்காரர்: ஓடட்டும். ரோடு முடிகிற இடத்தில் ஏதாவது ஏரி, பள்ளம் இருக்கும். சதுப்புநிலம் இருக்கிறது.

மேஸ்திரி: ரோடு முடிகிற இடத்தில் நான் குடியிருக்கிறேன் சார்.

(வீட்டுக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.)

மேஸ்திரி: 2023 டிசம்பர்ப் புயலில் கட்டில்மேல் கட்டில் போட்டு, அதன்மேல் கேஸ் அடுப்பு, அதன் பக்கத்தில் என் மாமியார். தண்ணீர்ப் பாம்பு ஒன்று சுவர் அலமாரியில் துவரம்பருப்பு டப்பாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கும் வேறு இடமில்லை. நான் கட்டிக்கொடுத்த நாலடி, ஐந்தடியெல்லாம் தண்ணீராக என் வீட்டுக்கே வந்தது. மேஸ்திரி வேலை சுத்தம் என்று நீங்களெல்லாம் பாராட்டுகிறீர்களே, அந்தச் சுத்தம்தான்.

வீட்டுக்காரர்: இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

மேஸ்திரி: நீங்கள் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்காரர்: சரி… இப்போது என்ன செய்யலாம் என்கிறீர்கள்?

மேஸ்திரி: கார் நிற்கிற இடத்துக்கு மட்டும் பேவர் பிளாக் போடலாம், அடியில் காங்கிரீட் வேண்டாம், மணல் போதும். பின்பக்கம் மண்ணாகவே இருக்கட்டும். இங்கே கீழே களிமண், சின்னக் குழி எடுத்தால் குடம் மாதிரி நிரம்பி நிற்கும், இறங்காது. அதனால் மூன்றடி அகலத்தில் கிணற்று உறை இறக்கலாம், களிமண் தாண்டும் வரைக்கும். அடியில் கருங்கல் ஜல்லி. மாடிக்குழாயை அதில் விடலாம், வழியில் ஒரு வடிகட்டித் தொட்டி வைத்து. மேலே மூடி போட்டு, கொசுவலை கட்டலாம். இல்லாவிட்டால் அம்மா கொசுவுக்கும் என்னையே கூப்பிடுவார்கள்.

வீட்டுக்காரர்: மண்ணை விட்டால் பாம்பு?

மேஸ்திரி: செங்கல்லும் பலகையும் தீர்ந்துவிட்டால் அதற்கு இங்கே மறைவு இல்லை. செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கும், சாக்கடைக் குழாய் வெளியே வருகிற ஓட்டைக்கும் கம்பிவலை வைத்துவிடுகிறேன். பின்கதவுக்குக் கீழே ஓர் அங்குலச் சந்து இருக்கிறது, ரப்பர் பட்டை அடித்தால் பூரானும் வராது. வெளியே அதன்பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். ஒரு முருங்கை நட்டுவிடுங்க, அணில் வரும், தேன்சிட்டு வரும். வால்பேப்பர் கிளியைவிட அது கொஞ்சம் அசையும்.

வீட்டுக்காரர்: முருங்கையில் கம்பளிப்பூச்சி வருமே?

மேஸ்திரி: வரும் சார். வீடு என்று கட்டினால் எல்லோரும் வரத்தான் செய்வார்கள். மச்சான் வரவில்லையா?

வீட்டுக்காரர்: அவர் பேச்சை விடுங்க. பின்பக்கத்துக்குப் போட்ட பேவர் பிளாக் காசைக் கழித்துக்கொள்ளுங்க.

மேஸ்திரி: கழித்துவிட்டேன். காங்கிரீட்டையும் கழித்துவிட்டேன். உறைக்கும், ஜல்லிக்கும், தோண்டுகிற கூலிக்கும் கூட்டியும் விட்டேன்.

வீட்டுக்காரர்: எனக்கு எவ்வளவு திரும்ப வரும்?

மேஸ்திரி: நீங்கள் ஆறாயிரம் தர வேண்டும்.

வீட்டுக்காரர்: கழித்தும் நான்தான் தரணுமா?

மேஸ்திரி: லாரிக்காரர் ஒவ்வொரு தடவையும் வாங்குகிறார், அவரிடம் நீங்கள் கழிக்கச் சொன்னதே இல்லையே.

வீட்டுக்காரர்: ஐந்தாக வைத்துக்கொள்ளலாமா?

மேஸ்திரி: ஐந்து என்றால் பெயின்ட் அடித்து அம்புக்குறி போட்டுத் தருகிறேன்.

வீட்டுக்காரர்: சரி, சரி, ஆறே இருக்கட்டும். ஜிபேயில் போடவா?

மேஸ்திரி: பாதி ரொக்கமாகக் கொடுத்துவிடுங்க சார். நாளைக்குச் சனிக்கிழமை, ஆட்களுக்குக் கூலி கொடுக்கணும்.